சட்டைப் பையில் நடந்த சங்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் திருடினார்.

பதறாதீர்கள். போலீஸ், கேஸ் என்று ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதிக்கம்மா... நீ எழுதலன்னா மட்டும் ஊருக்குத் தெரியாதா இன்னா?" என்றார். நியாயம்தான். ஆண்டர்சன்பேட்டை குழாயடியில் திங்கட்கிழமை காலையிலேயே விஷயம் தண்ணீரோடு சேர்ந்து குடம் குடமாகப் போய்விட்டது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிற ஆட்களை அப்படியே வீட்டுக்கு விட்டுவிட மாட்டார்கள். கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கி, காலை அகட்டி, டிபன் கேரியரைத் திறந்து காட்ட வேண்டும். தலைமுடி, பூட்ஸ், வாய் என்று ஒன்று விடாமல் சோதனை. எவனாவது தங்கக் கல்லைத் துளியூண்டு மறைத்துக் கொண்டுவந்துவிட்டால்?

அப்படிச் சோதனை போடுகிறவர்களில் ஒருவர்தான் என் வீட்டுக்காரர் தேவசகாயம். ஊர் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. நான் எக்ஸ்ரே சம்சாரம். நான் குழாயடிக்குப் போனால் பேச்சு பட்டென்று நின்றுவிடும். ஏதோ நானும் அவர்கள் குடத்துக்குள் கைவிட்டுப் பார்க்கப்போகிற மாதிரி.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. போன வருஷம் ஒரு பையனின் சோற்று டப்பாவில், சோற்றுக்கு அடியில், பட்டாணி அளவுக்கு ஒரு கல்லைக் கண்டுபிடித்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவன். "தெரியாம எட்த்துட்டேன் சார், இந்த ஒரு தபா வுட்டுடுங்க" என்று காலைப் பிடித்தானாம். இவர் விடவில்லை. வேலை போயிற்று, கம்பெனி கொடுத்த லைன் வீடும் போயிற்று. இப்போது பங்காருப்பேட்டையில் மூட்டை தூக்குகிறான். அவனுடைய அண்ணன் கௌதமன் இன்னமும் இங்கேதான் சுரங்கத்தில் பாறையைத் துளை போடுகிற டிரில்லர். தினமும் என் வீட்டுக்காரர் எதிரில் கையைத் தூக்கி நிற்கிறவன். அன்றையிலிருந்து இவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, திருட்டுக்கு வருவோம்.

மெட்ராஸ் பக்கம் கடலோரத்தில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களைக் கூட்டம் கூட்டமாக உள்ளே விட்டு, மீனையெல்லாம் காட்டி, விளக்கமும் சொல்கிறார்கள். எங்கள் ரீடிங் ரூம் ஆட்கள் ஒரு பஸ் பிடித்தார்கள். புளிசாதம், பாய், பவுடர் டப்பா சகிதம் சனிக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிட்டோம். ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே கிடையாது. எங்களுக்குத் தெரிந்த மீன் இரண்டே ஜாதி. பேத்தமங்களா ஏரிக் கெளுத்தி ஒன்று, பஜாரில் விற்கிற கருவாடு ஒன்று.

சுற்றிக் காட்ட வந்தது ஒரு வெள்ளைக் கோட்டுப் பெண். சின்ன வயசு, பெரிய பொறுமை. அந்தப் பொறுமை எத்தனை கண்ணாடித் தொட்டி வரைக்கும் தாங்கியது என்று நினைக்கிறீர்கள்? மூன்று.

"இது கடல் குதிரை. இதுல ஆண்தான் குட்டி போடும்" என்றாள். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், "நல்லா வேணும்!" என்றோம்.

"இது ஆக்டோபஸ். எட்டுக் கை."

"எட்டு கையா?" என்றான் பிலிப்பு. எங்கள் பஸ்ஸின் வாய் அவன்தான். "எக்ஸ்ரே சார், இத்த செக் பண்றதுன்னா உங்களுக்கு ஓவர்டைம்தான்!"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. டூட்டியில் இல்லாதபோதும் அவர் முகம் டூட்டியில்தான் இருக்கும்.

மூன்றாவது தொட்டியில் தடியாக, கறுப்பாக ஒன்று கிடந்தது. கடல் அட்டையாம். பிலிப்பின் மனைவி மேரி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், இத்த கொழம்பு வெச்சா எப்டி இருக்கும்?" என்றாள். அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மேரி எல்லாத் தொட்டிக்கும் அதே கேள்வியைக் கேட்டாள். ஆராய்ச்சி என்றால் அதுவல்லவா ஆராய்ச்சி?

அப்புறம் ஒரு இருட்டறை. ஆழ்கடல் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காம். "சூரிய வெளிச்சமே எட்டாத இடம். விளக்கை அணைக்கப் போறேன், யாரும் பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அணைத்தாள். நான் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆண்கள்? பயப்படவில்லை. ஆனால் விளக்கு மறுபடி வந்தபோது பார்த்தால், பாதிப் பேருடைய கை நெற்றியில் இருந்தது. தொப்பி விளக்கின் ஸ்விட்சைத் தேடிப் போன கை! அவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"மிஸ், இந்த மீனெல்லாம் எந்த லெவல்ல கீது?" என்று ஒருவர் கேட்டார்.

"லெவல்னா?" என்றாள் அவள். சுரங்கத்தில் ஆழத்தை லெவல் கணக்கில்தான் சொல்வோம். அதை அவளுக்கு விளக்குவதற்குள் அடுத்த கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது.

கடைசியாகத் தொட்டுப் பார்க்கிற தொட்டி. இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் கட்டி, கடல் தண்ணீர் விட்டு, நட்சத்திர மீனும் சிப்பியும் சங்குமாகப் போட்டிருந்தார்கள். "தொடலாம். கையில எடுத்துப் பார்க்கலாம். ஆனா திருப்பி அதே இடத்துல வெச்சிடணும். எதையும் கொண்டுபோகக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னாள். ஒரு சின்னச் சங்கை எடுத்துக் காட்டி, அதற்குள் ஒரு நண்டு குடியிருக்கிறது, அதற்குச் சொந்த ஓடு கிடையாது, பிறர் விட்டுப்போன சங்கில்தான் வாசம் என்றாள்.

"நம்ம லைன் வூடு மாதிரி" என்றான் பிலிப்பு. எல்லோரும் சிரித்தார்கள். எங்களோடு பஸ்ஸில் வந்திருந்த கௌதமன் மட்டும் சிரிக்கவில்லை. லைன் வீட்டைக் காலி பண்ணுவது எப்படி இருக்கும் என்று தம்பி வழியாகப் பார்த்தவன்.

எனக்கு அப்போது நட்சத்திர மீனைத் தொடுகிற அவசரம். என் வீட்டுக்காரரைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

வெளியே போகிற வழியில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போவதற்காக இரும்புக் கம்பி கட்டியிருந்தது. முடிவில் ஒரு ஒல்லி வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வரிசை, கம்பி, காக்கிச் சட்டை. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் எங்கள் ஆண்களுக்கு என்ன ஆகும்? முதலில் போனவர் அப்படியே நின்று, இரண்டு கையையும் தூக்கி, காலை அகட்டினார். பின்னால் நின்றவர் புளிசாத டப்பாவைத் திறந்தார். அதற்குப் பின்னால் நின்றவர் வாயைத் திறந்தார்.

வாட்ச்மேன் எழுந்தே விட்டார். "என்னய்யா இது... ஏதாச்சும் வேண்டுதலா?"

என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று எங்கள் ஆட்களுக்கே அப்போதுதான் உறைத்தது. சிரிப்பான சிரிப்பு. பிலிப்பு விஷயத்தைச் சொன்னதும் வாட்ச்மேனுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்படியா சேதி? வாங்க, வாங்க!" என்று ஒவ்வொருவரையும் தட்டித் தட்டி அனுப்பினார். கூச்சல், கும்மாளம். ஆயுசில் முதல்முறையாகச் சோதனை வேடிக்கையாக இருந்தது அவர்களுக்கு.

வரிசையில் கடைசி ஆள் என் வீட்டுக்காரர். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டே நழுவப் பார்த்தார். விடுவார்களா?

"சார், கைய தூக்குங்க!"

"எக்ஸ்ரேவுக்கே எக்ஸ்ரே!"

"தூக்குங்க சார், ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

அசடு வழிகிறார் என்றுதான் நான் நினைத்தேன். நானும் சேர்ந்து கை தட்டினேன் — சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெதுவாகக் கையைத் தூக்கினார்.

அவருடைய சட்டைப் பை அசைந்தது.

ஒரு கால் வெளியே வந்தது. அப்புறம் இன்னொரு கால். சங்கு ஒன்று பையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி, வெளியே எட்டிப் பார்த்தது. காலிச் சங்கு என்று நினைத்து எடுத்திருக்கிறார், பாவம். உள்ளே ஆள் இருந்திருக்கிறது.

சிரிப்பு நின்றுவிட்டது. யாராவது ஒருவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. வெள்ளைக் கோட்டுப் பெண் வந்து, சங்கை இரண்டு விரலால் எடுத்து, "இது உயிரோட இருக்கு சார்" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. ஈரக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள். அவர் கையை இறக்கவே மறந்துபோய் நின்றார். கௌதமன் வெளியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பாட்டு இல்லை. பிலிப்புகூடத் தூங்குகிற மாதிரி நடித்தான். வேலூர் வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் முடியவில்லை.

"எதுக்குங்க எடுத்தீங்க?"

"ஷோகேஸ்ல வெக்கலாம்னு."

"நம்ம வீட்ல ஏதுங்க ஷோகேஸு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம்பூர் தாண்டிய பிறகு தானாகவே பேசினார். "இருவது வருசமா எடுக்கறவனையே பாத்துக்கினு கீறேன். எடுக்கறப்ப மனசுக்குள்ள எப்டி இருக்கும்னு... சும்மா தோணிச்சி. கை போயிடுச்சி. அவ்ளோதான்."

"எப்டி இருந்துது?"

"நல்லா இருந்திச்சி. அதான் பயமா கீது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை இதுதான் என்று எனக்குப் பட்டது. கோபம் போய்விட்டது. அதற்கு முன்னால் முழங்கையால் ஒரு இடி இடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் விடிந்தால் திங்கட்கிழமை. மத்தியானம் இதே ஆட்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்திலிருந்து மேலே வருவார்கள். இவர் எதிரில் வந்து நிற்பார்கள். எந்த முகத்தோடு அவர்கள் மேல் கை வைப்பார்? "லீவு போட்டுடட்டா?" என்றார். "வேற கேட்டுக்கு மாத்திக் கேக்கட்டா?" என்றார். எக்ஸ்ரே என்று ஊரே நடுங்கிய மனுஷன், காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மேல் ஆடை படிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. போங்க என்றும் சொல்ல முடியவில்லை, போகாதீங்க என்றும் சொல்ல முடியவில்லை.

போனார்.

அங்கே நடந்ததை அவரும் சொன்னார், பிலிப்பும் வந்து சொன்னான். இரண்டும் ஒத்துப்போனது. பிலிப்பு சொல்லி ஒரு விஷயம் ஒத்துப்போவது அபூர்வம், அதனால் நம்பலாம்.

ஷிஃப்ட் முடிந்து முதலில் வந்தவன் கௌதமன். வந்தான், நின்றான். கையைத் தூக்கவில்லை.

"மொதல்ல நீங்க தூக்குங்க சார்" என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

இவர் தூக்கினார். கௌதமன் நிதானமாக, இவர் எப்படிச் செய்வாரோ அதே மாதிரி, காலர், அக்குள், இடுப்பு, பூட்ஸ் வரைக்கும் பார்த்தான். "வாயத் தொறங்க" என்றான். திறந்தார். "சரி" என்று சொல்லி நகர்ந்து நின்றான்.

இவர் கையை இறக்கினார். "நீ போப்பா... ஒன்ன பாக்க வேணாம். போ" என்றாராம்.

கௌதமன் போகவில்லை. காலை அகட்டினான். இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"என் தம்பிய வுட்டீங்களா? அப்பறம் என்னிய மட்டும் இன்னாத்துக்கு வுடறீங்க? பாருங்க சார்."

பார்த்தார். ஒரே பூட்ஸை இரண்டு தடவை பார்த்தாராம். பிலிப்பு அதை நடித்தே காட்டினான். நான் அதட்டியதும் நிறுத்தினான்.

இப்போது தினமும் ஷிஃப்ட் விடும் நேரத்தில், வரிசையில் முதலில் நிற்கிற ஆளிடம் என் வீட்டுக்காரர் தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறார். மேலதிகாரி பார்த்துவிட்டு, "வாட் இஸ் திஸ் மேன்?" என்றாராம். "ரூல் சார்" என்றாராம் இவர். எந்தப் புத்தகத்தில் இருக்கிற ரூல் என்று அந்த மனுஷன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கௌதமன் தம்பிக்கு வேலை திரும்பி வரவில்லை. அதைத் தருகிற அதிகாரம் கேட்டில் நிற்கிற ஆளுக்கு ஏது?

நேற்றுச் சாயங்காலம் வந்தவர், தோள்பட்டை ஒரே குடைச்சல், கொஞ்சம் தைலம் தேய்த்துவிடு என்று பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"அவங்கல்லாம் தெனமும் தூக்கறாங்க" என்றேன்.

பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.