படங்குக் கயிற்றின் கீழே

கண்டியில் பயிற்சி முடித்து, மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரமே மாரியாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து பறிக்கிறவள், கைக்குழந்தைக்காரி. கண் சிவந்து, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். டிஸ்பென்சர் ஐயா மலேரியா என்று கொயினா கொடுத்தார். காய்ச்சல் அசையவில்லை. பிறகு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் எழும்பி உள்ளங்கைவரை பரவின.

அவள் மாமியார் காத்தாயி அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா. இனி மருந்து ஆவாது மிஸ்ஸி. லயத்துக்குக் கொண்டுபோயி, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணி ஊத்தணும்."

"கொண்டு போகட்டும்," என்றார் ஐயா. "இங்க அம்மை பரவினா தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், அம்மையை அறிவேன். முத்துப்போடும் அம்மை நீர் கோக்கும். மணல்வாரி முகத்தில் தொடங்கும். மாரியாயியின் முகம் தெளிவாக இருந்தது. இப்படிப்பட்ட புள்ளிகளைக் கண்டால் துணி இறுகும் இடங்களில் கடிவாயைத் தேட வேண்டும் என்று கண்டியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஐயாவை வெளியே இருக்கச் சொல்லித் திரையை இழுத்தேன்.

மாரியாயி சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் மிஸ்ஸி, வெக்கமா இருக்கு."

"நானும் லயத்துப் புள்ளதான் அக்கா."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும் கயிறு அழுத்துகிற இடத்தில், மிளகளவு கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தது. சுற்றிலும் சிவப்பு. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது.

"உண்ணி கடிச்சிச்சா?"

"மாட்டுக்குப் புல்லறுக்கப் போனப்ப ஒன்னு ஒட்டியிருந்திச்சி. புடுங்கிப் போட்டேன். இதையெல்லாமா ஆம்பள டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?"

"டிக் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். ஆளுக்கு ஆள் ஒட்டாது," என்று ஐயாவிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு நம்மகிட்ட மருந்தே இல்லையேம்மா."

உண்மைதான். அந்தக் காலத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் இதற்கு மருந்து இல்லை. படுக்கை, தண்ணீர், ஈரத்துணி, அவ்வளவே. இந்த நிலையில் ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து லயத்துக்கு இறக்கிக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அவள் இதயம் தாங்காது.

காத்தாயியிடம் போனேன். "வேப்பிலையை இந்தக் கட்டில்லயே கட்டுங்க. ஆத்தாவக் கும்புடுங்க. ஆனா இவளை எந்திரிக்க மட்டும் விடாதீங்க."

"நாலெழுத்து படிச்சிட்டு ஆத்தாவையே எதுத்துப் பேசுறியா?"

"இவ செத்தா புள்ளைக்கு யாரு பால் குடுப்பா? நீங்களா?"

காத்தாயி என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு வேப்பிலை ஒடித்து வரப் போனாள்.

அதற்குப் பிந்திய நாட்கள் கொடியவை. மாரியாயி பிதற்றினாள், ஆள் தெரியவில்லை. நான் உடம்பைத் துடைத்தேன். காத்தாயி கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் புகட்டினாள். ஒரு காலையில் மாரியாயிக்கு வேர்த்தது. டெம்பரேச்சர் இறங்கியது. "புள்ள எங்க?" என்றாள்.

செய்தி கேட்டுக் கங்காணி வந்து வாசலில் நின்றார். "காச்சல்தான் விட்டிருச்சே. நாளைக்கு வேலைக்குப் பேரு போட்டுறலாமா?"

நான் வாய் திறக்குமுன் காத்தாயி கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். "போய்யா அங்கிட்டு! மிஸ்ஸி சொல்ற வரைக்கும் இவ காலு தரையில படாது."

மாரியாயி நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வெந்நீர்தான் ஊற்றினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: காய்ச்சலோடு புள்ளிகளைக் கண்டால் இடுப்பு, அக்குள், தலைமயிரின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். ஆனால் முதலில் திரையை இழுங்கள்.