“ஊட்டுல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க இருக்குதுங்களா?”

தனியார் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலை என்பது, வருஷத்தில் பாதி நாள் பாடம் நடத்துவது, மீதி நாள் அந்தப் பாடத்தைக் கேட்க ஆள் பிடிப்பது.

என்னோடு ஒரே படகில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு அட்மிஷன் டியூட்டி போட்டுவிடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போன் நம்பர், ஆளுக்கு ஒரு ஏரியா, ஒரு பை நிறைய நோட்டீஸ். நான் கணக்கு டிபார்ட்மெண்ட். போன வருஷம் எனக்கு ஜோடியாகப் போட்டது இயற்பியல் மோகன்ராஜ் சாரை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அதிர்ந்து பேச மாட்டார். யார் வீட்டு வாசலாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முதல் வார்த்தை பேசுவார். நாய் குரைத்தால் நான் காரிலேயே உட்கார்ந்துகொள்வேன். அவர் இறங்கிப் போய், “ஏனுங்க, ஊட்டுல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க இருக்குதுங்களா?” என்று கேட்பார். அந்த ஒரு சீசனில் நாங்கள் பார்த்ததில் மனதை விட்டுப் போகாத சிலதை மட்டும் சொல்கிறேன்.

போனில் ஒரு அப்பா

முதலில் போன் வேலை. பாதிப் பேர் எடுக்கவே மாட்டார்கள். எடுப்பவர்களில் பாதிப் பேர் திட்டுவார்கள். நமக்கு முன்னாலேயே நாலைந்து காலேஜ்காரர்கள் கூப்பிட்டு உயிரை வாங்கியிருப்பார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு மத்தியானம் பவானிப் பக்கத்து நம்பர் ஒன்று. “சஞ்சய் இருக்காங்களா? யுனிவர்சிட்டியில இருந்து பேசறோம்” என்றேன். எடுத்தது அப்பா. “சொல்லுங்க மேடம்” என்றார். வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கம்ப்யூட்டரில் எதை எடுத்தால் நல்லது, பஸ் எங்கே நிற்கும், லேப் எப்படி என்று அவராகவே விசாரித்தார். அந்த வாரம் முழுக்க அவ்வளவு ஆர்வமாக யாரும் பேசியிருக்கவில்லை. எனக்கும் உற்சாகம் வந்து, “சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டு கேம்பஸுக்கு ஒரு எட்டு வந்துருங்க சார்” என்றேன்.

அப்போதுதான் மெதுவாகச் சொன்னார். கடைசிப் பரீட்சை எழுதிய வாரமே பைக்கில் போனவன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டானாம். ரிசல்ட் வந்தபோது பார்க்க அவன் இல்லை. தெரியாமல் பேசிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் யாரும் கூப்பிடாதபடி நம்பரை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். அதுவரை நிதானமாகப் பேசியவர் அவசரமாகக் குறுக்கிட்டார். “எடுத்தராதீங்க மேடம். எங்கூட்டுல இப்ப ஆரும் அவன் பேரச் சொல்றதில்லீங்க. நீங்க காலேஜ்காரங்க கூப்புட்டுக் கேக்கறப்பதான் என்ற காதுல உழுகுது.”

யாருக்கு சீட்டு?

விண்ணப்பம் வாங்க வருகிறவர்களுக்காக ஆபீஸ் ஹாலில் மேஜை போட்டு எங்களை உட்கார வைப்பார்கள். ஒரு நாள் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்தார். பெயர் கார்த்தி, அந்தியூர்ப் பக்கம் தோட்டம். “தம்பிக்குங்களா, தங்கச்சிக்குங்களா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குத்தானுங்க” என்றார். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிளஸ் டூ பாஸ் பண்ணிய வருஷம் அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அன்றைக்கு மண்வெட்டியைக் கையில் எடுத்தவர்தான் கார்த்தி. மஞ்சள், தென்னை, கறவை மாடு என்று எல்லாம் நன்றாகவே இருக்கிறது, பெண் மட்டும் கிடைக்கவில்லை. ஜாதகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே டிகிரி இருக்கிறதா என்று கேட்கிறார்களாம்.

தபால் வழியில் படிக்கலாமே என்றார் மோகன்ராஜ் சார். அதைப் படிப்பென்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை, காலேஜுக்குப் போகிறானா என்றுதான் கேட்கிறார்கள் என்றார் கார்த்தி. விடிகாலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு பஸ் ஏறிவிடுவேன் என்றார். சொன்னபடியே பி.பி.ஏ.வில் சேர்ந்தார். வகுப்பில் பையன்கள் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வாரம் அவர் உள்ளே நுழைந்ததும் ஏதோ புது லெக்சரர் என்று எல்லோரும் எழுந்து நின்றதைச் சொல்லி அவரே சிரித்தார். ஆயுத பூஜை சமயம் கேன்டீனில் பார்த்தபோது, ஏதாவது அமைந்ததா என்று கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “ரெண்டு எடத்துல டிகிரி முடிக்கட்டும், பாக்கலாம்னு சொல்லிப்போட்டாங்க மேடம். முடிச்சுட்டுப் போய் நின்னா வயசாயிப்போச்சும்பாங்க.”

நடுவில் நின்ற பெண்

பெருந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை சொல்லித்தான் சபிதா வீட்டுக்குப் போனோம். அம்மாவும் அப்பாவும் ஒடிசாவிலிருந்து வந்து நூல் மில்லில் வேலை பார்க்கிறார்கள். சபிதா சின்னப் பிள்ளையில் வந்தவள். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் தடுமாறும் காலத்தில், பள்ளியிலேயே தமிழில் முதல் மார்க் அவள்தான். மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிவிட்டு எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எங்களுக்கு அவர் பேச்சு சுத்தமாகப் புரியாது. சபிதா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

நல்ல மார்க், கட்டணச் சலுகை கிடைக்கும் என்றார் சார். அவள் அப்பாவிடம் சொன்னாள், அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பினாள். “மில்லு மாறினா நாங்க ஊரு மாறிடுவோம், இங்க எத்தனை நாள் இருப்போம்னு தெரியாதுன்னு சொல்றாருங்க.” அப்படியென்றால் ஹாஸ்டலில் இருக்கட்டும் என்றார் சார். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இந்தத் தடவை அப்பா நீளமாகப் பேசினார். பிறகு அதே குரலில் சொன்னாள். “பொம்பளப் பிள்ளையத் தனியா விட முடியாதுங்களாம். அடுத்த மாசத்துல இருந்து எனக்கும் மில்லுல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காருங்களாம். இது எனக்கும் இப்பத்தான் தெரியுமுங்க.” அவள் ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்கிற பிள்ளையாக அவள் தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை. “நீ என்ன சொல்றே கண்ணு? உனக்குப் படிக்கணுமா?” என்று கேட்டேன். அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இப்ப நீங்க கேட்டதையும் அப்பாகிட்ட சொல்லணுங்களா மிஸ்?”

ஹாஸ்டல் பார்க்க வந்த அம்மா

விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு ஹாஸ்டலைச் சுற்றிக் காட்டுவதும் எங்கள் தலையில்தான். எல்லாப் பெற்றோரும் சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம் என்று கேட்பார்கள். உக்கடத்திலிருந்து மகளோடு வந்த ஒரு அம்மா எதையுமே கேட்கவில்லை. அறைக்குள் போனதும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். திறந்தார். மறுபடியும் சாத்தி, இழுத்து அசைத்துப் பார்த்தார். வார்டன், “இங்க ஒரு பயமும் இல்லீங்க, கேட்ல செக்யூரிட்டி இருக்காங்க” என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மகள் ஷாலினி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே வரும்போது அம்மா என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார், மெஸ்ஸில் சமைக்க, பாத்திரம் கழுவ, எதற்காவது ஆள் எடுப்பார்களா, எடுத்தால் இங்கேயே ஒரு மூலையில் தங்கிக்கொள்ள விடுவார்களா என்று. அவர் முழங்கையை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

மோகன்ராஜ் சார் மெஸ் கான்டிராக்டரிடம் போய்ப் பேசிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் எல்லாம் சொந்த ஊரிலிருந்து கூட்டமாக வந்தவர்கள், அத்தனை பேரும் ஆண்கள், ஒரு பெண்ணுக்குத் தங்க இடமில்லை என்று கைவிரித்துவிட்டார். அந்த அம்மா இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டார், பிறகு கேட்கவில்லை. ஷாலினி மட்டும் சேர்ந்தாள். முதல் வெள்ளிக்கிழமையே பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். வந்து ஒரு வாரங்கூட ஆகவில்லையே, அதற்குள் வீட்டு ஞாபகமா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் பக்கத்துல படுத்தாத்தான் மிஸ், அப்பா அம்மாகிட்ட வர மாட்டாரு. அன்னிக்காச்சும் தூங்கட்டும்.”

சால்வை

சீசன் முடிந்து ஒரு கூட்டம் நடந்தது. அதிகம் பேரைச் சேர்த்த ஜோடி நாங்கள்தான். மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு சால்வை போட்டார்கள், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம் நிர்வாகத்திடமிருந்து ஒரு மெயில் வந்தது. இயற்பியலுக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். அதனால் இந்த வருஷம் முதலாம் ஆண்டு வகுப்பு இல்லை, சேர்ந்தவர்களைக் கம்ப்யூட்டர் பக்கம் மாற்றுகிறோம், டிபார்ட்மெண்டில் இருவர் போதும். மோகன்ராஜ் சார் அந்த இருவரில் இல்லை.

அவருடைய கடைசி நாளில் நம்பியூரிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்து, இயற்பியல் வகுப்பு எங்கே என்று வராந்தாவில் தேடிக்கொண்டிருந்தான். மாற்றிய விஷயத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. சார்தான் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அதுலயும் கணக்கு வரும் கண்ணு, உனக்கு வந்துரும்” என்று தோளைத் தட்டி, கம்ப்யூட்டர் பிளாக் வரைக்கும் கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். அடையாள அட்டையைக் கழற்றி ஆபீஸில் கொடுத்தபிறகு, கேட் வரைக்கும் நானும் அவரோடு நடந்தேன். மச்சினனின் மோட்டார் பம்ப் கடையில் உட்காரப் போவதாகச் சொன்னார். கோபமாக ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது, ஏதோ வழியில் பார்த்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். “அத்தனை ஊடு ஏறி எறங்கினோமுங்க மேடம். கம்ப்யூட்டர் இருக்குதான்னு கேட்டாங்க, இருக்குதுன்னு சொன்னோம். ஃபிசிக்ஸ் இருக்குதான்னு ஒருத்தரும் கேக்கலீங்க, நானும் எடுத்துச் சொல்லலீங்க.”

ஆக, எங்கள் தொழிலில் உள்ளே வருகிறவர்களுக்குத்தான் போன், நோட்டீஸ், கேம்பஸ் சுற்றிக் காட்டுவதெல்லாம், வெளியே போகிறவர்களுக்கு ஒரு மெயில் போதும்.