காது கேட்காத மாமனார் கொடுத்த சம்மதம்

யுத்தம் நடந்துகினு இருந்த சமயம். ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிங்க ஓயாம ஓடும். நசரத்பேட்டையில வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம் ஆகியும் மாமனாரோட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. மருமவ மாமனார் எதிர்ல நிக்கவே கூடாது, எங்க ஊட்டு வழக்கம் அப்படி.

அவருக்குக் காது அடைச்சுப் போயி, ரெண்டு கண்ணுலயும் புரை. கால்ல வந்த புண்ணு ஒண்ணு ஆறவே இல்ல. கூடப் போக வேற ஆள் இல்லாததால, வாரா வாரம் பூந்தமல்லியில ஒரு டிஸ்பென்சரிக்கு மாட்டு வண்டியில நான்தான் இட்டுக்கினு போவேன். வண்டிக்காரர் அவரைக் கையப் புடிச்சு உள்ள உட்கார வெச்சுட்டு மாட்டைப் பார்க்கப் போயிடுவார். நான் கதவோரம் நிப்பேன்.

டாக்டர் கேக்கறது எதுவும் மாமனார் காதுல விழாது. டாக்டரைத் திருப்பிக் கேட்டா மரியாதைக் குறைவுன்னு அவருக்கு நெனப்பு. டாக்டர் தலை தன் பக்கம் திரும்பினது மசமசன்னு தெரிஞ்சா போதும், கும்பிடு போட்டுடுவார்.

"தானா வந்த புண்ணா?"

"ஆமாங்க சாமி."

"வலி குறைஞ்சிருக்கா?"

"ஆமாங்க சாமி."

களிம்பு கொடுத்து அனுப்பிடுவாங்க. ஒண்ணும் காதுல விழாமதான் ஆமாங்கறார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டை வெச்சாப்பல நின்னேன். அத நெனச்சா இன்னிக்கும் என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல கீது.

ஒரு மாசத்துல கால் தூணு மாதிரி வீங்கிடுச்சு. டாக்டர் பார்த்துட்டு, "இனிமே தாங்காது பெரியவரே. பட்டணத்துக்குப் போயி காலை எடுத்துடணும். சம்மதமா?"ன்னார்.

மாமனார் சிரிச்ச முகமா கும்பிட்டார். "ஆகட்டுங்க சாமி!"

ஐயோ! வழக்கமாவது ஒண்ணாவதுன்னு உள்ள பூந்துட்டேன். "ஐயா, அவருக்குக் காது கேக்காது, கண்ணும் தெரியாது. இதுவரைக்கும் நீங்க கேட்டது ஒண்ணுகூட அவருக்குப் போய்ச் சேரல!"ன்னு கத்தினேன்.

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சார். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?" மாமனார் காதண்டை ரெண்டு கையையும் குவிச்சு, மொத மொதலா அவரைக் கூப்பிட்டேன். "மாமா! எங்க வலிக்குது? எப்படி வந்துச்சு?"

அவர் தடவித் தடவி டாக்டர் விரலைப் புடிச்சு, உள்ளங்கால்ல ஒரு எடத்துல வெச்சார். "இங்கதாங்க சாமி. வரப்புல ஈச்சமுள்ளு ஏறிச்சு. பாதி உள்ளயே கீது."

"அட பாவமே, இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

நான் அதையும் காதுல போட்டேன். "சாமி கேக்கவே இல்லியேம்மா"ன்னார்.

டாக்டர் அங்கயே கீறினார். அரை விரல் நீளத்துக்குக் கறுத்த முள்ளு சீழோட வந்து விழுந்துச்சு. நான் சந்தோஷத்துல ஓன்னு அழுதுட்டேன். அன்னிலேருந்து வயசானவங்க யாரு வந்தாலும், தான் சொன்னதை அவங்க வாயால திருப்பிச் சொல்ல வெச்சுட்டுத்தான் அந்த டாக்டர் மருந்து கொடுத்தார்.

ரெண்டே மாசம். மாமனார் தன் ரெண்டு காலாலயும் சேத்துல இறங்கி வரப்பு வெட்டினார். நான் கரையில நின்னு, "மாமா, கஞ்சி!"ன்னு ஊரே கேக்கற மாதிரி கூப்பிட்டேன். வழக்கத்தை மீறிட்டேன்னு ஒருத்தரும் மூச்சு விடல!

இப்ப எனக்கே காது மந்தம். ஆனா டாக்டர் சொன்னது புரியாம நான் தலையாட்டினதே இல்ல, பின்னால எத்தனை பேர் காத்துக்கினு இருந்தாலும் சரி.