ரோஸ்லின் வீட்டில் மடமடவென்று வாசித்த மகள்

மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குடியிருக்கிறோம். மகள் ஜெனிஃபா தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. மாலையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் வாசிக்கச் சொல்வேன். ஒரு எழுத்து பிசகினாலும் உடனே திருத்துவேன், சில நேரம் கிள்ளியும் விடுவேன். அவள் திக்கித் திணறுவாள்.

சென்ற மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் அவளைக் காணவில்லை. அந்த வாரம்தான் யானை எங்கள் லயத்து வரிசை வீடுகள் வரை வந்து போயிருந்தது. மூடுபனியில் அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். கடைசி வீட்டு ஜன்னலில் அவள் குரல் கேட்டது. அந்த வீட்டு ரோஸ்லின் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்க, என் மகள் பாடத்தை மடமடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது. உடனே வயிறு எரிந்தது. பெற்ற என்னிடம் திணறுகிறவள், இவளிடம் மட்டும் இப்படியா!

"அப்படி என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்று ரோஸ்லினிடம் வெடுக்கென்று கேட்டேன்.

"நான் மலையாளம் மீடியம்க்கா. தமிழ் எழுத்தே தெரியாது. சும்மா கதை கேக்கேன், அம்புட்டுதான்."

மகள் மெதுவாகச் சொன்னாள்: "அத்தைக்குத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியாதும்மா. அதான் பயமில்லாம வாசிக்கேன்."

இப்போது அவள் வாசிக்கும்போது நான் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. கீரை ஆய்ந்தபடி, "அப்புறம் என்னாச்சு?" என்று மட்டும் கேட்கிறேன். திருத்தமெல்லாம் கதை முடிந்த பிறகுதான். திணறல் குறைந்திருக்கிறது. ஆனாலும் புதுப் பாடம் என்றால் முதலில் ரோஸ்லினிடம்தான் ஓடுகிறாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

– செல்வராணி, மூணாறு