தனிஸ்லாஸ் வைத்த ஆத்மா

“கடவுளுக்கு அடுத்தபடியா ஆத்மா வைக்கிறவன் நாந்தான். நான் உள்ள வைக்கலன்னா எந்தக் கித்தாரும் வாயத் தொறக்காது.”

1934இல், தன் முதல் கித்தாரில் கைவைத்திருந்த நேரத்தில், பெரிய மார்க்கெட் வாசலில் நாலு பேர் காதுபட இப்படிச் சொன்னவர் தச்சர் தனிஸ்லாஸ். மாதா கோயில் சாமியார் காதில் மட்டும் விழவில்லை.

தனிஸ்லாஸ் புதுச்சேரியின் பாதிக் கிறிஸ்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்தவர். வேலையில் குறை சொல்லி ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் ஊர் அவரைச் ‘சாவுப்பெட்டி தனிஸ்லாஸ்’ என்றே அழைத்தது. காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போனால், தலைமுதல் கால்வரை அவர் பார்க்கும் பார்வையிலேயே நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்படி அவர் குணப்படுத்தியவர்கள் பலர். நன்றி சொன்னவர் எவருமில்லை. அந்தப் பட்டப்பெயரை உதறிவிட்டுக் ‘கித்தார் தனிஸ்லாஸ்’ ஆகவேண்டும் என்பதுதான் மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை.

வாய்ப்பு வந்தது. சுங்க அலுவலகக் குமாஸ்தா யூஜின், தங்கை கல்யாணத்தில் வாசிக்க ஒரு கித்தார் கேட்டான். தனிஸ்லாஸ் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கித்தாரை அளவெடுத்து வந்தார். முகப்புப் பலகையை அப்பளம்போல் இழைத்தார். பக்கப் பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தார். எல்லாம் சரிதான். ஆத்மாதான் வினையாக முடிந்தது.

முன்பொரு முறை கோயில் வயலினைப் பழுதுபார்த்தபோது, அதன் முகத்துக்கும் முதுகுக்கும் நடுவே நிற்கும் சிறு குச்சியைப் பிரெஞ்சுச் சாமியார் அவருக்குக் காட்டியிருந்தார். “இதற்குப் பெயர் ‘ஆம்’. எங்கள் பாஷையில் ஆத்மா என்று அர்த்தம். இது இல்லாத வயலின் பிணம்.”

பிணம் என்ற சொல் தனிஸ்லாசுக்குத் தொழில்முறையில் உடனே பிடிபட்டது. வயலினுக்கே ஆத்மா உண்டென்றால், அதைவிடப் பெரிய கித்தாருக்கு இல்லாமலா? பிரெஞ்சுக்காரரின் கித்தாருக்குள் குச்சி இல்லாததைக் கண்டபோதுகூட, “பாவம், முசே ஊட்டுல எங்கியோ உழுந்து போச்சி” என்று இரக்கப்பட்டாரே தவிர, சந்தேகப்படவில்லை.

குச்சியை நட்டு, கம்பி கட்டி மீட்டினார். வாசலில் யாரோ செருப்பை உதறியதுபோல் கேட்டது. ஆத்மா போதவில்லை என்று முடிவுகட்டி, அதை எடுத்துவிட்டு விரல் தடிமனில் தேக்கு ஆத்மா ஒன்றை இறுக்கி நிறுத்தினார். செருப்புச் சத்தமும் நின்றது.

மனைவி இருதயமேரி கேட்டாள்: “சட்டி வாங்கறப்ப உள்ள கைய ஊணிக்கிட்டா தட்டிப் பாக்கறீங்க?”

“சட்டிக்கு ஏதுடி ஆத்மா?”

“அதான் கணீர்னு கேக்குது.”

“ஆத்மா நெலைக்க நாளாவும்” என்று சொல்லி, கல்யாணத்தன்றுதான் தனிஸ்லாஸ் கித்தாரைக் கொடுத்தார். பந்தலில் யூஜின் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக மீட்டினான். மார்க்கெட் வாசலில் அந்தப் பேச்சைக் கேட்ட நாலு பேரில் ஒருவரான கலியபெருமாள், முன்வரிசையில் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்தார்.

“ஆரம்பிச்சிட்டானா?”

“அப்பவே.”

“பொட்டி யாரு செஞ்சது?”

“நம்ம சாவுப்பெட்டிதான்.”

“அதான் உள்ள இருக்கறவரு அமைதியா இருக்காரு.”

பந்தலே சிரித்தது. தனிஸ்லாஸ் எழுந்தார். “குடு தம்பி, சுருதி எறங்கியிருக்கு” என்று கித்தாரை வாங்கிக்கொண்டு சமையல் பக்கம் போனார். அங்கே இருதயமேரி பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள்; கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயசத்தையே கவனித்தாள். கம்பிகளைத் தளர்த்தி, துளைக்குள் கையைவிட்டு, தேக்குக் குச்சியைச் சாய்த்து வெளியே எடுத்தார். கம்பிகளை மறுபடி முறுக்கி, கட்டைவிரலால் ஒருமுறை வருடினார். இருதயமேரியின் கரண்டி நின்றது.

“என்னா பண்ணீங்க மேஸ்திரி?” என்றான் தேடிக்கொண்டு வந்த யூஜின், வாங்கி மீட்டிப் பார்த்து.

“தூசி தட்டினேன்.”

சற்று நேரத்தில் பாட்டு தெருக்கோடிவரை போயிற்று. “கித்தார் தனிஸ்லாஸ் எங்கய்யா?” என்று கலியபெருமாளே பந்தலிலிருந்து குரல் கொடுத்தார். “பேசுதே. ஆத்மாவ எப்பிடித்தான் உள்ள வச்சீரு?”

பாயச அடுப்பு மங்கியிருந்தது. தனிஸ்லாஸ் குனிந்து, கையிலிருந்த ஆத்மாவை அதில் செருகினார். தேக்கு, நன்றாக எரிந்தது.