படி வைக்காத நிலை

நிலை என்பது கதவு மாட்டுகிற மரச்சட்டம். இரண்டு பக்கமும் நிற்பவை நிலைக்கால்கள். தலைக்கு மேலே குறுக்கே போவது மேல்சட்டம். காலடியில் கிடப்பது நிலைப்படி. எங்கள் வீட்டு வேலைக்கு வந்த கோயமுத்தூர்ப் பக்கத்து ஆசாரி மொத்தத்தையும் சேர்த்து நெலவு என்பார். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருப்பது படித்ததால் அல்ல. படி வைக்காத நிலையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவள் நான்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தோம். அங்கே நிலையும் கதவும் துரைமார் எந்தக் காலத்திலோ வைத்தவை. அவற்றுக்கு யார் பொட்டு வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்குப் போ என்றார்கள். கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்தோம். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. மண்சுவர் எழுப்பினோம். எங்கள் வம்சத்தில் நிலை வைக்கிற பேச்சு வந்தது அப்போதுதான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். நிலைப்படிக்கு வீட்டின் மூத்த மகள்தான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். அதுவும் பூவும் பொட்டுமாக வாழ்கிற மகளாக இருக்க வேண்டும். மூத்தவளான என் அக்காவோ இலங்கையிலேயே நின்றுவிட்டாள். எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அவள் புருஷனுடைய மனு மட்டும் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்களைக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரித்துப் போட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

"தலமக கையால மஞ்ச படாம படி வைக்க ஏலாது. அவ வரட்டும்" என்றாள் அம்மா.

"நானும் மகதானே? நான் பூசுறேன்" என்றேன். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, அடுத்த வீடுதான் எங்களுடையது.

"நீ எளயவ. ஒனக்கு வேற வேல இருக்கு."

அந்த வேறு வேலை என்னவென்று மழைக்காலத்தில் தெரிந்தது.

ஆசாரி நிலையைச் செய்து முடித்துவிட்டார். அதைச் சாக்கில் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். வாசலில் ஒரு தகரம்தான் கதவு. ஆனி பிறந்து மழை பிடித்ததும் வாசலுக்கு இரண்டு பக்கமும் சுவர் இளக ஆரம்பித்தது. ஆசாரியைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நெலவு நிக்காம செவுரு நிக்காதுங்க. இன்னிக்கே நிறுத்தீரலாங்க" என்றார்.

அம்மா அவரையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தாள். நிலைக்கால்களையும் மேல்சட்டத்தையும் நிறுத்திக்கொள்ளலாம், படி மட்டும் கூடாது. கொட்டுகிற மழையில் அப்பா ஒரு காலையும் நான் ஒரு காலையும் பிடித்துக்கொள்ள, அடியில் கல் கொடுத்து ஆசாரி நிலையை நிறுத்தினார். மேளமும் இல்லை, தேங்காயும் இல்லை. படிக்கான கட்டை உள்ளே சுவரோரம் கிடந்தது.

அன்றிலிருந்து மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர். விளக்குமாற்றோடு ஓடி வந்து தள்ளுகிறவள் நான். "வாசப்படி உள்ளார குளிர் காயுது, தண்ணி ஏன் வராது?" என்று அப்பா எரிந்து விழுவார். அந்தக் கட்டையின் மேல் யாரும் உட்காரக் கூடாது, கால் வைக்கக் கூடாது, முறம்கூட வைக்கக் கூடாது. ஒருமுறை நான் அசதியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் தோளில் அடித்து எழுப்பினாள். அக்கா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாவம், அவள் அங்கே என்ன செய்வாள் என்று நினைத்ததும் அது அடங்கிவிடும். பிறகு அடுத்த மழை வரும்.

சில வருடம் கழித்து, முகாமிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் சேதி கொண்டுவந்தது. அக்காவை மண்டபத்தில் பார்த்தார்களாம். வெள்ளிக்கிழமை வந்துவிடுவாளாம். அவ்வளவுதான் சொன்னார்கள். தெரிந்து மறைத்தார்களா, தெரியாமலே போனார்களா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்தாள். படிக்கான கட்டையைத் தானே கழுவித் துடைத்தாள். பச்சை மஞ்சள் கிழங்கைத் தட்டி அம்மியில் அரைத்துக் கிண்ணத்தில் வழித்து வைத்தாள். ஆசாரியையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் உளியோடு வந்து வெளியே உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸுக்குப் போயிருந்த அப்பா மேட்டில் ஏறி வந்தார். ஒரு பெட்டியைத் தலையில் வைத்திருந்தார். பின்னால் அக்கா தனியாக வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்து அத்தான் போய்ச் சேர்ந்து நாலு மாதமாகியிருந்தது. பாஸ்போர்ட் வந்தது அதற்குப் பிறகுதான்.

அம்மா கையிலிருந்த கிண்ணத்தை அடுப்புக்குப் பின்னால் தள்ளினாள். அப்புறம்தான் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆசாரி உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மரத்துக்குத் தெரியுமா, யார் புருஷன் இருக்கிறான், யார் புருஷன் செத்தான் என்று? அம்மாவிடம் இதைக் கேட்டுவிட எனக்கு நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க முடியவில்லை. பூசு என்று அக்காவிடம் சொல்லவும் அம்மாவால் முடியாது. அக்கா கண்முன்னால் இனி வேறு யாரையும் பூசச் சொல்லவும் முடியாது.

உள்ளே வந்த அக்கா, உட்கார இடம் தேடி, சுவரோரம் கிடந்த கட்டையில் உட்கார்ந்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். பிறகு பாலில்லாத தேநீர், எங்கள் பேச்சில் சாயத் தண்ணி, ஊற்றிக்கொண்டு வந்து அக்கா கையில் கொடுத்தாள்.

அக்கா கோப்பையை வாங்கும்போது அம்மாவின் விரல்களைப் பார்த்தாள்.

"கையெல்லாம் என்னம்மா இப்பிடி மஞ்சளா கெடக்கு?"

"கொழம்புக்கு அரைச்சேன்" என்றாள் அம்மா.