கரி, கறி, மணல்

“சாரே, நம்ம மணல் டீச்சர் போய்ட்டாங்க. காலையில, உறக்கத்துலயே.” தம்பானூரில் ஓட்டல் வேலை பார்க்கும் தங்கராஜ் போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போன ஞாயிறுகூட என் சட்டையின் நிறத்தைக் கிண்டலடித்தவர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா?

நம் தமிழ்ச் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்துக்கு வந்தவர்கள் வசந்தா டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்காரர், இந்த மலையாள ஊரில் கல்லூரியில் வேதியியல் நடத்தினார். அறிவியலைத் தமிழில் பேசியே தீருவேன் என்று, தொண்ணூறுகளில், கூட்டச் செயலாளரான என்னைப் பாடாய்ப் படுத்தினார். தலைவர் வேண்டாவெறுப்பாக ஒரே ஒரு ஞாயிறு கொடுத்தார். ஆட்கள் பாதியில் எழுந்து போனால் அத்தோடு சரி, பழையபடி பட்டிமன்றம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

டீச்சர் மைக்கைப் பிடித்ததும், “நாம எல்லாருமே கரிதான்” என்றார். அவருடைய நாக்குக்கு ரகரமும் றகரமும் ஒன்று. இந்த ஊர்க் காதுக்கு வேறு வேறு. அவர் சொன்ன கரி எல்லாருக்கும் கறி என்றுதான் கேட்டது. அக்ரகாரத்துப் பெரியவர் ஒருவர், “கறின்னா எந்தக் கறி? வாழைக்காயா, சேனையா?” என்று கவலையோடு விசாரித்தார். “ஆட்டுக்கறிதான் சாமி, வேற என்னது” என்றார் பின்வரிசையில் இருந்த தங்கராஜ். கூடம் சிரிப்பில் கலைந்தது. தலைவர் மைக்கை வாங்க எழுந்தார்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது டீச்சர்தான். “நான் சொன்னது அடுப்புக்கரி. வாழைக்காயைக் கருக்கினாலும் ஆட்டைக் கருக்கினாலும் மிஞ்சறது அதுதான். நம்ம உடம்பைக் கட்டி நிறுத்தறதே அது. மணல்ல இருக்கற சிலிக்கானுக்கும் கரி மாதிரியே மத்த அணுக்களைப் பிடிச்சுக்க நாலு கை. அதுலயும் உயிர் உண்டாகுமான்னு கேக்கறாங்க. ஒரு சிக்கல். நாம மூச்சு விட்டா கரி காத்தா வெளிய வரும். அந்த உயிர் மூச்சு விட்டா சிலிக்கான் மணலாக் கொட்டும். பாவம், தினம் மூக்கைக் கூட்டிப் பெருக்கணும்.”

ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

“அப்போ சங்குமுகம் பீச்சு முழுக்க யாரோ விட்ட மூச்சா டீச்சரே?” என்று கேட்டார் தங்கராஜ்.

“அது பாறை தேஞ்ச மணல். ஆனா வேற ஏதாவது உலகத்துல அப்படி ஒரு உயிர் இருக்குமான்னா, எனக்குத் தெரியாது.”

கூட்டம் முடிந்ததும் தலைவர் கடுகடுத்தார். “ஸ்டேஜில நின்னுட்டு அறியில்லன்னு சொல்லாமோ?”

“தெரியாதுன்னு சொன்னாத்தானே சார் அடுத்த மாசமும் வருவாங்க” என்றார் டீச்சர்.

வந்தார்கள். தங்கராஜ் ஓட்டலில் பாதிப் பேரைக் கூட்டிவந்தார். அதன்பின் தலைவர் பட்டிமன்றப் பேச்சையே எடுக்கவில்லை.

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதுவரை, எனக்குத் தெரியாததைக் கேட்ட பையன்களை அதட்டி உட்கார வைத்தே காலம் தள்ளியவன். டீச்சரைப் பார்த்துத்தான் ‘தெரியாது’ என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகினேன்.

நேற்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது தங்கராஜ் கேட்டார்: “டீச்சர் இப்போ எங்க இருப்பாங்க சாரே?”

“தெரியாது தங்கராஜ்” என்றேன். அழுகை வந்தது. ஆனால் பயமாக இல்லை.